உங்கள் கதையைப் பற்றி நான் பேசிய நாள்

என் அன்பு அக்கா,

பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆசைதான். பெயர் வர வேண்டிய இடத்தில் கை நின்றுவிடுகிறது. நீங்கள் போய் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் கடந்துவிட்டன. இனி உங்களை யார் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனாலும் பயம் போகவில்லை. அதனால் 'அக்கா' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் கதை எழுத வைத்துக்கொண்ட பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தில்லியில் உங்கள் வீடு இருந்த இடத்தை லக்ஷ்மிபாய் நகர் என்று வைத்துக்கொள்கிறேன். அது மோதி பாக்காகவும் இருக்கலாம், வேறு ஏதாவது சர்க்கார் குவார்ட்டர்ஸாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் அதே வெளிறிய மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு, மாடிப்படியில் அதே ஈரவாடை. படிக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நான்கு பேர் பார்க்க எழுதுவதற்குக் காரணம், உங்களைப் போல யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிற பெண்கள் எங்காவது இதைப் படிக்கக்கூடும் என்பதுதான். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்த கதையை நீங்கள் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்.ஃபில். சேர்ந்தபோது என் தலைப்பைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. ஒரு தமிழ் டி.வி. தொடர். அதன் கதாநாயகி வசுமதி, கணவன் வீட்டிலிருந்து வெளியேறி, மாதக்கணக்காகத் தனியாகக் கஷ்டப்பட்டு, கடைசி வாரத்தில் திடீரென்று மனம் மாறி அதே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். குத்துவிளக்கு, பாயசம், எல்லோருக்கும் சிரித்த முகம். அந்த முடிவைப் பொறுக்க முடியாத சில பெண்கள் இணையத்தில் ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கினார்கள். வசுமதி திரும்பிப் போகாத கதைகளை அவர்களே எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். துபாயில் ஒருத்தி, நியூஜெர்சியில் ஒருத்தி, சேலத்தில் பிரவுசிங் சென்டருக்கு வந்து எழுதுகிற ஒருத்தி. யாரும் எழுத்தாளர் இல்லை. தமிழ் எழுத்து எல்லா கம்ப்யூட்டரிலும் ஒழுங்காகத் தெரியாது என்பதால், தமிழை ஆங்கில எழுத்துகளில் அடித்தார்கள். அந்தக் கதைகளைத்தான் நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

"சீரியல் கதைக்குக் கதை எழுதறவாளைப் பத்தியா ரெண்டு வருஷம் படிக்கப் போறே?" என்று அப்பா கேட்டார். எங்கள் துறையில் சில பேராசிரியர்கள் கேட்டதும் அதையேதான், கொஞ்சம் நாகரிகமாக. என் வழிகாட்டி ஒருவர்தான் சிரிக்கவில்லை. அந்த வங்காளி அம்மாவுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. "பணம் கிடையாது, புகழ் கிடையாது, சொந்தப் பெயர்கூடப் போடுவதில்லை. அப்படியும் ஒரு பெண் எழுதுகிறாள் என்றால் ஏன் என்று யாராவது கேட்க வேண்டாமா?" என்றார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்தக் குழுவுக்குள் வந்தேன்.

உங்கள் கதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யலாமா என்று குழுவில் அனுமதி கேட்டு எழுதியபோது முதல் பதில் உங்களுடையது. "இத வச்சு என்னட்டி செய்யப் போற? வசுமதிக்கு மாப்ளை பாக்கப் போறியா?" நீங்களும் தில்லியில்தான் இருக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் தெரிந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை வறுக்கிற கடை வாசலில் சந்தித்தோம். நாற்பதை ஒட்டிய வயது, தோளில் ஆபீஸ் பை, கையில் முருங்கைக்காய்க் கட்டு. ஒரு மந்திரி அலுவலகத்தில் அசிஸ்டென்ட் என்று சொன்னீர்கள். திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"எப்ப எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"மத்தியானம் எல்லாரும் வெயில்ல உக்காந்து வேர்க்கடலை திங்கப் போவாவல்லா, அப்ப. மேல ஒரு ஆபீஸ் ஃபைல் திறந்து வச்சிருப்பேன். செக்ஷன் ஆபீசர் செருப்புச் சத்தம் கேட்டா ஒரு பட்டன். கதை போயிரும், ஃபைல் வந்துரும்."

வீட்டில் தெரியுமா என்று கேட்டதற்கு உங்கள் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது.

"அவுக நல்லவுகதாம்ட்டி. கையெல்லாம் நீட்ட மாட்டாவ. ஆனா இதச் சொன்னா, உனக்கு இங்க என்ன கொறைன்னு கேப்பாவ. எனக்கு அதுக்குப் பதில் தெரியாது."

மற்றவர்களின் கதைகளில் வசுமதி வக்கீல் ஆவாள், கலெக்டர் ஆவாள், கணவனைக் கூண்டில் ஏற்றுவாள். உங்கள் வசுமதி தில்லிக்கு வந்து, ஒரு ஆபீஸில் தபால்களுக்கு எண் போடுகிற வேலையில் சேர்ந்து, ஒரு குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பாள். பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு கதையில் அவள் கதவுக்குப் பூட்டு வாங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளே தாழ் போட்டு, திறந்து பார்த்து, மறுபடி தாழ் போட்டு, எழுப்ப யாரும் இல்லாமல் சாயங்காலம் வரை தூங்குகிறாள். அவ்வளவுதான். அந்தக் கதைக்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்தீர்கள். 'நானும் அப்படித் தூங்க வேண்டும்' என்று எத்தனை ஊர்களிலிருந்து எழுதினார்கள். என் ஆய்வில் ஒரு முழு அத்தியாயம் அந்தத் தூக்கத்தைப் பற்றியதுதான்.

அப்புறம் அந்த மனிதரின் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

'ஓர் அன்பு வாசகன்' என்று கையெழுத்துப் போடுவார். முதல் கடிதம் பாராட்டு. இரண்டாவது, தில்லியை இவ்வளவு நன்றாக எழுதுகிறீர்களே, எந்தப் பக்கம் என்று ஒரு விசாரிப்பு. நீங்கள் பதில் எழுதவில்லை. மூன்றாவது கடிதம் குழுவில் எல்லோரும் பார்க்கவே வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். வசுமதி ஏறுகிற பஸ் எந்த வழியில் போகிறது, பால் பூத் எந்தத் திருப்பத்தில் இருக்கிறது, மாடியிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எந்தப் பள்ளிக்கூட மணி கேட்கும் என்று உங்கள் கதைகளிலிருந்தே பொறுக்கி எடுத்து, 'இப்படி ஒரு இடம் தில்லியில் ஒன்றுதான் இருக்க முடியும். விரைவில் நேரில் வந்து வணங்குவேன்' என்று முடித்திருந்தார்.

நீங்கள் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டீர்கள். பின்னால் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. "படிச்சியா?" என்றீர்கள். படித்தேன் என்றேன். உடனே போனை வைத்துவிட்டீர்கள்.

அவர் யார் என்று அடுத்த வாரம் அவரே சொன்னார். அந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அவர் மனைவி இந்தக் குழுவில் வந்து கதைகளைப் படித்துக்கொண்டிருந்தாராம், ஒரு வரிகூட எழுதாமல். ஒரு நாள் வீட்டைவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. உங்கள் பூட்டுக் கதையை மட்டும் காகிதத்தில் அச்செடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம். அதில் வசுமதி தனக்குள் சொல்லிக்கொள்கிற வார்த்தைகள் தன் மனைவி தன்னிடம் சொன்ன வார்த்தைகள் என்றார் அவர். 'அவள் உங்களிடம் சொல்லாமல் உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தார்.

அன்று மார்க்கெட்டில் நீங்கள் எதையும் வாங்கவில்லை. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"உங்களுக்கு அவங்களைத் தெரியுமாக்கா?"

"தெரியாதுட்டி. அதாம் பயமா இருக்கு. நான் சும்மா எழுதினேன். அவ நெசமாவே போயிட்டாளே."

அந்த ஆளுக்குப் பயப்படுகிறீர்கள் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். ஆபீஸில் ஒளித்து ஒளித்து அடித்த நாலு பக்கம், முகம் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டது. அவள் எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று உங்களுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு கதை வாசகரை என்ன செய்யும் என்று நான் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகங்கள் எதிலும் இப்படி ஒரு நடுக்கம் எழுதியிருக்கவில்லை.

அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன் என்றேன். நீங்கள் விடவில்லை. "எடுக்காத. எடத்த மட்டும் மாத்திக்கிடுவோம்." லோதி தோட்டத்தில் உட்கார்ந்து, என் ஆய்வில் சேர்க்கிற கதைகளில் வசுமதிக்கு வேறு மாடி, வேறு பஸ், வேறு பால் பூத் கொடுத்தோம். பள்ளிக்கூட மணியைக் கோயில் மணியாக மாற்றினோம். "இப்படி வீடு மாறி மாறியே இவளுக்கு ஆயுசு போயிரும் போலிருக்கே" என்று சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தீர்கள். அந்த நாட்களில் நானும் எங்கே போனாலும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு போன் அடித்து, எடுத்தால் பேச்சு இல்லாமல் இருந்தபோதெல்லாம் அது ராங் நம்பராகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த ராத்திரிகளில் எழுந்துபோய்க் கதவுத் தாழைப் பார்த்தேன்.

துறைக் கருத்தரங்கில் நான் கட்டுரை படிக்கும் நாள் வந்தது. குழுவை நடத்துகிற நியூஜெர்சிப் பெண், சந்தோஷத்தில் அந்த அறிவிப்பை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். நம் கதைகளைப் பல்கலைக்கழகத்தில் பேசுகிறார்கள் என்று அவருக்குப் பெருமை. வர வேண்டாம் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அரை நாள் லீவு போட்டு வந்தீர்கள்.

"என்னப் பத்தி ஒருத்தி பேசுதா. நான் கேக்க வேண்டாமா?"

பின்வரிசையில், ஜன்னல் பக்கம், சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு நாலைந்து நாற்காலி தள்ளி ஒருவர். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நெற்றியில் சின்னதாகச் சந்தனம், சட்டைப் பையில் ஆபீஸ் அட்டை. பார்த்தால் யாருக்கும் மரியாதை தோன்றும். நான் ஆங்கிலத்தில் கட்டுரையைப் படித்தேன். வசுமதி தூங்குகிற இடம் வந்தபோது உங்களைப் பார்க்கக் கூடாது என்று பாடுபட்டுக் காகிதத்தையே பார்த்தேன்.

படித்து முடித்ததும் கேள்வி நேரம். அவர் எழுந்து நின்றார். நல்ல ஆங்கிலத்தில், நிதானமாகக் கேட்டார்: "இந்தக் கதையை எழுதியவர் தில்லியில் இருக்கிறார். உங்களுக்கு அவரைத் தெரியும் என்று நம்புகிறேன். அவர் இந்த அறையில் இருக்கிறாரா?"

ஆய்வில் யாருடைய அடையாளத்தையும் வெளியிடுவதில்லை என்று சொல்ல வேண்டும். அது எனக்கு மனப்பாடம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அறை முழுவதும் என்னையே பார்த்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது உங்கள் குரல் கேட்டது. அப்பாவித்தனமாக, கொஞ்சம் சத்தமாக, இந்தியில்: "மேடம்ஜீ, சாய் கப் மிலேகீ?"

டீ எப்போது கிடைக்கும் என்று கேட்டீர்கள். அப்புறம் மொத்த அறையும் சிரித்தது. தலைமை தாங்கிய பேராசிரியரும் சிரித்து, கடிகாரத்தைப் பார்த்து, அத்தோடு அமர்வை முடித்துவிட்டார். எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர் மட்டும் கேள்வியோடு நின்றுகொண்டிருந்தார்.

பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். நாம் இருவரும் டீ குடிக்காமலே பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். வெயில் இன்னும் இருந்தது. நீங்கள் தமிழில் ஏதோ சொல்ல, நான் பதில் சொல்ல, பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நீங்க தமிழா? டீ கேட்டது நீங்கதானே?"

நீலச் சட்டை. கைக்கு எட்டுகிற தூரத்தில்.

"ஆமா. பசி," என்றீர்கள். "இவ எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி. பேசுதேன், வாங்கன்னா. வந்தேன். ஒண்ணும் விளங்கல."

"அந்தக் கதைகளை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"எங்கிட்டு நேரம்?"

"படிக்காதீங்க," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. "என் சம்சாரம் படிச்சா. போயிட்டா. போன அன்னிக்குக்கூட சமைச்சு மூடி வெச்சுட்டுத்தான் போயிருக்கா. நான் ஆபீஸ்லேருந்து வந்து தொட்டுப் பார்க்கறேன், சாதம் சூடா இருக்கு."

நான் உங்கள் சால்வையைப் பிடித்து இழுத்தேன். போய்விடலாம் அக்கா, எந்த பஸ்ஸாக இருந்தாலும் ஏறிவிடலாம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரொம்ப மெதுவாக, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போலக் கேட்டீர்கள்.

"நீங்க அவங்கள அடிப்பீயளா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். ஒரு ஆட்டோ வந்து நின்று, யாரும் ஏறாததால் போயிற்று.

"அது எங்க வீட்டு விஷயம்," என்றார்.

"பஸ் வந்துட்டு," என்றீர்கள் என்னிடம். ஏறினோம். அவர் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, பஸ் திரும்புகிற வரை நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார இடம் இருந்தும் நீங்கள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்த கை அதைவிட்டு வர மாட்டேன் என்றது. சப்தர்ஜங் தாண்டிய பிறகுதான் பேசினீர்கள்.

"கேட்டிருக்கக் கூடாதோ?"



அன்று சாயங்காலமே அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். வேறு யார் வாயாலும் அவர் கேட்க வேண்டாம் என்று. அத்தான் கோபப்படவில்லையாம். "அதுல வார புருஷன் நான்தானா?" என்று மட்டும் கேட்டாராம். "இல்ல. நீங்க அதுல வரவே இல்ல" என்றீர்கள். அதுதான் அவரை உலுக்கியிருக்கிறது. "ஒரு வரியிலகூடவா?" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது நீங்கள் சிரித்தீர்கள், கண் நிறைந்திருந்தது. அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் அவர் தன் ஆபீஸிலிருந்து உங்கள் ஆபீஸ் கேட்டுக்கு நடந்தே வந்து நின்றார். ஏன் வந்தீர்கள் என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. தன் குடும்பத்தை அவமானப்படுத்துகிற ஆராய்ச்சி என்று துறைக்குப் புகார் எழுதினார். என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர். கதை எழுதியவர்களின் உண்மைப் பெயரும் விலாசமும் வேண்டும், கோப்பில் இருந்தால்தான் துறைக்குப் பாதுகாப்பு என்றார்கள். தர முடியாது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அப்படியானால் பட்டம் கஷ்டம் என்றார் ஒருவர். என் வழிகாட்டி குறுக்கிட்டார். "இவள் ஆராய்ந்தது கதைகளை. ரேஷன் கார்டுகளை அல்ல," என்றார். கடைசியில் ஒரு சமரசம். பின்னிணைப்பில் இருந்த முழுக் கதைகளையும் எடுத்துவிட வேண்டும். பெயர் கேட்க மாட்டார்கள். பூட்டுக் கதை இல்லாமல் பூட்டுக் கதையைப் பற்றிய என் பேச்சு மட்டும் ஆய்வேட்டில் மிஞ்சியது. பட்டம் வந்தது. அது இப்போது நூலகத்தில் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எடுத்து, பின் அட்டையில் ஒட்டியிருக்கிற சீட்டில் யாராவது வாங்கிப் போன முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். தன் புத்தகத்தை யாரும் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீங்கள் பல மாதம் எழுதவில்லை. பிறகு ஒரே ஒரு கதை அனுப்பினீர்கள். அதில் வசுமதி இல்லை. பெயர் இல்லாத ஒரு பெண், ஏதோ ஒரு ஊரில், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்கிறாள். அவளுக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மத்தியானச் சாப்பாடு. "எனக்குத் தெரியாதவளுக்கு என்னால இவ்வளவுதாம்ட்டி செய்ய முடியும்" என்றீர்கள். அவள் உண்மையில் எங்கே இருக்கிறாள்? இந்த நாட்டில் அவளுக்கு ஒரு ஜன்னல் கிடைத்ததா? அவள் உங்கள் அந்தக் கதையைப் படித்திருப்பாளா?

உங்கள் நோயைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. டாக்டர்கள் சொன்ன காலம்கூட நீங்கள் இருக்கவில்லை. லோதி ரோடு மயானத்தில் பனிமூட்டம் விலகாத காலையில், உங்கள் ஆபீஸ்காரர்களும் காலனிக்காரர்களும் நின்றார்கள். ஒரு கதை எழுதுகிறவளை வழியனுப்புகிறோம் என்று அங்கே அத்தானுக்கும் எனக்கும்தான் தெரியும்.

குழுவில் நாலு வரி எழுதினேன். உங்கள் புனைபெயரை மட்டும் போட்டு, அவர் இனி எழுத மாட்டார் என்று. துபாயிலிருந்தும் சேலத்திலிருந்தும் இதுவரை ஒரு தடவைகூடப் பேசாதவர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றையெல்லாம் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன்.

நான் சொல்ல வந்த செய்தி இதற்கப்புறம்தான். சில வாரம் கழித்து என் விலாசத்துக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது.

'வணக்கம். குழுவில் செய்தி பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆமாம்.'

அவ்வளவுதான். கையெழுத்து இல்லை.

கதை எழுதியது நீங்கள்தான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. அன்றே தெரிந்திருக்கிறது. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட குரலிலேயே அவர் தன் மனைவி படித்த கதையைக் கேட்டிருப்பார். அதற்கப்புறம் எத்தனை சாயங்காலம் உங்கள் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே வந்து நின்றிருப்பார்? அத்தானைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாரா? அல்லது ஒரு நாளும் வரவே இல்லையா? தெரிந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை? அந்த 'ஆமாம்' ஒரு மனிதன் வெட்கப்பட்டுச் சொன்னதா, அல்லது எனக்கு எல்லாம் தெரியும், நீயும் எங்கே இருக்கிறாய் என்று தெரியும் என்று எனக்குச் சொல்கிறதா? பிறர் எழுதிய வரிகளைப் படித்து அர்த்தம் சொல்லித்தான் பட்டம் வாங்கினேன். இந்த ஒரு வார்த்தையைப் படிக்கத் தெரியவில்லை. பதில் எழுதவில்லை. அழிக்கவும் கை வரவில்லை.

இந்த நிலையில்தான் உங்கள் மகள் வந்தாள்.

இப்போது காலேஜில் முதல் வருஷம். உங்கள் உயரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தைக் கண்டால் இன்னும் எழுத்து எழுத்தாகத் தடவுகிறவள்தான். ஆனால் உங்கள் கதைகள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றனவே, அதனால் அத்தான் காட்டியதும் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். வாய்விட்டுப் படித்தாளாம். "கண்ண மூடிட்டுக் கேட்டா அம்மா வாய்ஸ்தான் சித்தி," என்றாள். அப்புறம் தன் திட்டத்தைச் சொன்னாள். ஒரு வலைப்பூ தொடங்கப் போகிறாள். எல்லாக் கதைகளையும் போடப் போகிறாள். மேலே உங்கள் பெயர், உங்கள் போட்டோ.

கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

"ஏன் சித்தி? அம்மா எதுக்கு ஒளிஞ்சு இருக்கணும்? அம்மா நே குச் கலத் தோ நஹீ கியா, தப்பு ஒண்ணும் பண்ணலையே. தப்பு பண்ணினவங்கதானே ஒளியணும்?"

அத்தானிடம் போனேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒங்க அக்காளுக்கு எது சரியோ, அது ஒனக்குத்தாம்மா தெரியும். நீ சொல்லுதபடி," என்றார். என்னிடம் விட்டுவிட்டார்.

எனக்கு என்ன தெரியும் அக்கா? நீங்கள் ஒளிந்துதான் எழுதினீர்கள். ஆனால் ஒளிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே கேள்வியும் கேட்டீர்கள். இதில் எது நீங்கள்? ஏதாவது சொல்லிச் சமாளித்து, அவளை இரண்டு வருஷம் தள்ளிப் போடச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, குழுவின் விதி, என் ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்று நாலைந்து காரணம் தயாராக வைத்திருந்தேன். அவள் உங்களைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் வருகிறாள். அந்த மனிதரின் கடிதங்களை முதலிலிருந்து கடைசி வார்த்தை வரை அவளுக்குக் காட்டிவிடுவேன். சாதம் சூடாக இருந்ததையும் சொல்வேன். அவளைப் பயப்படு என்று சொல்ல மாட்டேன். நான் பயப்படுகிறேன் என்று சொல்வேன். அதற்கப்புறமும் அவள் போடுகிறேன் என்றால் தடுக்க மாட்டேன். அவள் உங்கள் பெயரை அடிக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெயருக்கு வருகிற கடிதங்கள் ஒவ்வொன்றையும், அவளுக்கு முன்னால் நான் திறந்து படிப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மகளுக்குச் சித்தியாகிவிட்ட,
உங்கள் தங்கை
சித்ரா